சீரியல் நம்பர் எழுதாத ரசீது

2024 ஜனவரி 20, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் அப்பா தன் துப்பாக்கியை வைத்தார். இரண்டு வாரத்தில் தருகிறோம் என்றார்கள். கைக்கு வந்தது ஏப்ரல் 27. பதினான்கு வாரம், நான்கு பயணம், சொன்னது 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), கொடுத்தது 350 வெள்ளி. அதற்குப் பிறகும் துப்பாக்கி சரியாகவில்லை, முதல் தோட்டாவிலேயே சூடான புகை அப்பாவின் கன்னத்தில் அடித்தது.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன நடந்தது, எந்த இடத்தில் தவறியது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் என் வேலையே அதுதான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், வாடிக்கையாளர் பழுது என்று திருப்பி அனுப்பும் பொருளுக்கு எட்டு டி அறிக்கை, அதாவது காரணத்தைப் படிப்படியாகத் தேடும் அறிக்கை, எழுதும் பிரிவில் இருக்கிறேன். யார் செய்தார் என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் படியில் விட்டுப்போனது என்று தேட வேண்டும், அங்கே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். இதையும் அப்படியே பார்க்க முயன்றிருக்கிறேன். ஆனால் இது என் அப்பா சம்பந்தப்பட்டது, அதனால் அங்கங்கே கோபம் தெரியும், அதை மறைக்கவில்லை.

துப்பாக்கியும் தோட்டமும்

அப்பாவுக்கு 71 வயது. நிபோங் திபால் பக்கம் மூன்று ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வைத்திருக்கிறார். பழைய மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஏக்கருக்கு 55 கன்று வீதம் 165 கன்று. செம்பனை வைத்தவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெரிய மரத்தை அது ஒன்றும் செய்யாது, கன்றைத்தான் தேடி வரும். ராத்திரியில் வந்து மண்ணைக் கிளறி, கன்றைச் சாய்த்து, நடுக்குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். குருத்துப் போனால் அந்தக் கன்று அவ்வளவுதான், பிடுங்கிவிட்டு வேறு வைக்க வேண்டும், அது காய்க்க இன்னும் மூன்று வருஷம் ஆகும். கம்பி வலை கட்டினோம், பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிய துணியைக் குச்சியில் கட்டிப் பார்த்தோம், ராத்திரி முழுக்க விளக்குப் போட்டோம். பத்து நாள் பயப்படும், அப்புறம் பழகிவிடும்.

அதற்காகத்தான் துப்பாக்கி. ஒற்றைக் குழல், 12 போர், நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற வகை, மலாயில் செனாப்பாங் பாத்தா என்பார்கள். அப்பா அதை முப்பது வருஷத்துக்கு மேலாக முறையாக லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். வீட்டில் இரும்பு அலமாரி, அதற்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். சின்ன வயதில் நானும் தம்பியும் அந்த அலமாரிமேல் கை வைத்ததற்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

ஜனவரி தொடக்கத்தில் மூன்று முறை விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. வெடிக்காவிட்டால் அப்பா உடனே துப்பாக்கியைத் திறக்க மாட்டார். குழலை ஆளில்லாத பக்கம் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் அறுபது வரை எண்ணுவார், ஏனென்றால் மருந்து சில நேரம் தாமதமாகப் பற்றும். எண்ணி முடித்த பிறகுதான் மடித்துத் தோட்டாவை எடுப்பார். அந்தத் தோட்டாக்களை அடுப்படி மேசையில் எனக்குக் காட்டினார். பித்தளை அடியின் நடுவில் ஒரு சிறு வட்டம் இருக்கும், உள்ளேயிருந்து ஊசி வந்து அடிப்பது அங்கேதான். முன்பு வெடித்த தோட்டாவில் அந்த வட்டம் நன்றாகக் குழிந்திருந்தது, பிசைந்த மாவில் விரலை அழுத்தியதுபோல. வெடிக்காத மூன்றிலும் ஒரு புள்ளிதான் இருந்தது, நகத்தால் தடவினால்கூடச் சரியாகத் தட்டுப்படவில்லை. "ஊசி தேஞ்சு போச்சும்மா" என்றார். அவருக்கு என்ன பழுது என்று தெரிந்திருந்தது. செய்து தர ஆள்தான் வேண்டியிருந்தது.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது, இந்தக் கதை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) லேத் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் அந்த ஊசியை அரை நாளில் கடைந்து கொடுத்துவிடுவார். ஆனால் கொடுக்கக் கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பிறர் துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் தனி லைசன்ஸ் வேண்டும். சரி, நானே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாமே என்றால் அதுவும் முடியாது. லைசன்ஸ் அப்பா பெயரில். அவர் இல்லாமல் அதை என் காரில் வைத்திருந்தால் நான் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பவள், அந்தச் சட்டத்தின் கீழ் ஏழு வருஷம் வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். 1971இல் வந்த இன்னொரு துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் பதினான்கு வருஷம் வரை போகும்.

அதனால் துப்பாக்கி எங்கே போனாலும் அப்பாவும் கூடப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள மனிதர், குழலையும் கட்டையையும் கழற்றிப் பையில் வைத்து, லைசன்ஸைச் சட்டைப் பையில் வைத்து, தோட்டத்துப் பக்கமிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தின் 24 கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசாமல் பையின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கடைக்காரர் ஃபோனில் சொல்லும் "வாங்க" என்ற ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் இத்தனை வேலை.

முதல் இரண்டு பயணம்

கடையில் தவுக்கே, அதாவது முதலாளி, இருந்தார், மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கும். தவுக்கே துப்பாக்கியை வாங்கி, மடித்து, உள்ளே பார்த்து, இரண்டு நிமிஷத்தில் ஊசி மாற்ற வேண்டும் என்றார். 180 வெள்ளி, இரண்டு வாரம். அப்பா கொண்டுபோன மூன்று தோட்டாவையும் எடுத்து நீட்டினார், அவர் வாங்கிப் பார்க்கவில்லை. தேவையில்லை என்று கையை அசைத்தார். அந்தக் கையசைவு எனக்கு அப்போதே உறுத்தியது. எங்கள் தொழிற்சாலையில் பழுதான பொருளோடு வாடிக்கையாளர் எதை அனுப்பினாலும், ஒரு சின்னக் காகிதத் துண்டாக இருந்தாலும், அதையும் சேர்த்துப் பதிவு செய்வோம்.

ரசீது கேட்டேன். கார்பன் வைத்த சின்னப் புத்தகத்தில் தேதி போட்டு, துப்பாக்கி ஒன்று, ரிப்பேர் என்று இரண்டு வார்த்தை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பெயர் இல்லை. என்ன துப்பாக்கி என்று இல்லை. சீரியல் நம்பர் இல்லை. விலை இல்லை, கையெழுத்தும் இல்லை. சீரியல் நம்பரையாவது எழுதுங்கள் என்றேன். "தாப்பா லா" என்றார், பரவாயில்லை விடு என்ற அர்த்தத்தில். இத்தனை வருஷமாக இப்படித்தான் கொடுக்கிறேன், எதுவும் காணாமல் போனதில்லை என்றார். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். அப்பா என் கையைத் தொட்டார். அவர் தலைமுறைக்கு, கடைக்காரரிடம் எழுதிக் கேட்பது அவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது போல. நான் அடங்கிவிட்டேன். அன்றைக்கு அடங்கியிருக்கக் கூடாது. அந்த நிமிஷத்தில் விட்டதுதான் கடைசிவரை துரத்தியது.

தைப்பூசம் முடிந்தது. பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை, கடைக்கு ஃபோன் செய்தேன். பையன்தான் எடுத்தான், உள்ளே கேட்டுவிட்டு வந்து "ரெடிக்கா, நாளைக்கு வாங்க" என்றான். மறுநாள் போனோம். டோல் ஏழு வெள்ளி, கார் நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம். உள்ளே போனால் ரெடி இல்லை. பாகம் வரவில்லை என்றார் தவுக்கே. நேற்று ரெடி என்று சொன்னீர்களே என்றதற்கு, யார் சொன்னது என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இதோ பார்க்கிறேன் என்று உள்ளே போனவர் வரவேயில்லை, அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பையன் வந்து, சீனப் பெருநாள் முடிந்து வாங்க அங்கிள் என்றான். அப்பா "சரி தம்பி" என்று எழுந்தார். படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கேட்டான், உள்ளே ரெடி என்றார்கள், அதைச் சொன்னான். துப்பாக்கியைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பார்க்கப் போயிருந்தாலும் எதைத் தேடுவான்? கையில் நம்பர் இருந்தால்தானே தேட முடியும்.

லைசன்ஸ் புதுப்பிக்கப் போனபோது

அப்புறம் ஆறு வாரம். வாட்ஸ்ஆப்பில் நான் அனுப்பிய ஏழு செய்திக்கும் நீல டிக் விழுந்தது, பதில் இரண்டுக்குத்தான் வந்தது, இரண்டிலும் அடுத்த வாரம் என்றுதான் இருந்தது. இடையில் அப்பாவின் லைசன்ஸ் முடிகிற நேரம் வந்துவிட்டது. இது வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் துப்பாக்கியையும் கொண்டுபோய்க் காட்டி, லைசன்ஸில் உள்ள நம்பரோடு சரிபார்த்து வாங்கி வருவார். இந்த முறை கையில் துப்பாக்கி இல்லை.

துப்பாக்கி எங்கே என்று கேட்டார் அங்கிருந்த சார்ஜன். கடையில், ரிப்பேருக்கு என்றார் அப்பா. காகிதம் கேட்டார். அப்பா அந்தத் துண்டு ரசீதை நீட்டினார். சார்ஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது உங்கள் துப்பாக்கிதான் என்று இதில் எங்கே இருக்கிறது துவான் (ஐயா) என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்பாவுக்குப் பதில் இல்லை. ஒரு வாரத்துக்குள் கடையிலிருந்து நம்பர் போட்ட கடிதம் வாங்கி வரச் சொன்னார். அவர் கேட்டது முழுக்க நியாயம், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெயர் கெடாமல் அந்த லைசன்ஸை வைத்திருந்தவர். "போலீஸ்காரங்க முன்னால பதில் சொல்லத் தெரியாம நின்னேம்மா" என்றார். இந்தப் பதினான்கு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த புகார் அது ஒன்றுதான்.

பின் அறை

மறுநாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் போனேன், கடிதம் வாங்கத்தானே, அப்பா வர வேண்டியதில்லை. தவுக்கே இல்லை. பையனிடம் விஷயத்தைச் சொன்னேன், அவனுக்கு உடனே புரிந்தது, "நம்பர் பாத்து எழுதித் தரேங்க்கா" என்று உள்ளே போனான். நான் மேசையருகே நின்றுகொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம். பத்து. உள்ளே அட்டைப்பெட்டி நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்து வேறொரு சாவி எடுத்துக்கொண்டு போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இருபது நிமிஷம் கழித்துக் கொண்டுவந்தான். ரிப்பேர் துப்பாக்கிகளை நிறுத்தி வைக்கும் தாங்கியில் அது இல்லையாம், பின் அறையில் பெட்டிகளுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்ததாம். விசைக்காப்பில் நூலால் ஒரு அட்டை கட்டியிருந்தது, அதில் வேறு யாரோ ஒருவர் பெயர். அப்பா பெயர் இல்லை. அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் இன்னொரு பெயர் எழுதி அடித்திருந்தது, அதுவும் அப்பா இல்லை. கட்டைப்பிடியின் அடியில் ஒரு சிறு வெட்டு இருக்கும், நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா லோரியிலிருந்து இறங்கையில் விழுந்த வெட்டு. அதை வைத்துத்தான் இது எங்களுடையது என்று நான் அடையாளம் சொன்னேன். கைப்பேசியில் இருந்த லைசன்ஸ் படத்தைக் காட்டி, நம்பரை இரண்டு பேருமாக எண் எண்ணாகப் படித்தோம். சரியாக இருந்தது. ஊசி மாற்றவில்லை, திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த அட்டையில் பெயர் இருந்த மனிதர் ஒரு நாள் வந்து, அவசரத்தில் இதை எடுத்துக்கொண்டு போயிருந்தால்? அவர் லைசன்ஸில் ஒரு நம்பர், கையில் வேறு நம்பர். நடுவழியில் போலீஸ் சோதனை வந்தால் அந்த மனிதர் கதி என்ன, துப்பாக்கி எங்கே என்று கேட்டால் அப்பா கதி என்ன? கடையில் உள்ளே வரும் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் பதிவேடு இருக்க வேண்டும். அதில் எங்கள் துப்பாக்கி ஜனவரி 20இல் ஏறியதா என்று பையனைக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கடிதம் எழுதி, கடை முத்திரை குத்தி, "சாரிக்கா" என்று கொடுத்தான். அந்தக் கடிதத்தால்தான் லைசன்ஸ் புதுப்பிக்க முடிந்தது. அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும், இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

350 வெள்ளி

ஏப்ரல் 27, அப்பாவும் நானும். தவுக்கே துப்பாக்கியை மேசையில் வைத்து 350 என்றார். 180 என்றீர்களே என்றேன். பாகம் கிடைக்கவில்லை, கையால் செய்தது, அதனால் கூலி அதிகம் என்றார். செய்வதற்கு முன் ஒரு ஃபோன் செய்திருக்கலாமே என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, வேண்டுமானால் எடுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். 71 வயது மனிதரிடம் பேசிய பேச்சு அது. விட்டுவிட்டு எங்கே போவது? அது அவருக்கும் தெரியும். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது, பக்கத்துக் கடையே கிடையாது.

அப்பா பணத்தை எண்ணி வைத்தார். பழைய ஊசியைக் கேட்டேன், தூக்கிப் போட்டாயிற்று என்றார். ரசீதில் 350 என்று மட்டும் எழுதினார்.

அடுத்த நாள் சாயங்காலம் தோட்டத்தில் அப்பா ஒரு தோட்டா போட்டுப் பார்த்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். வெடித்தது. அதோடு அப்பா தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். வலது கன்னத்தில் கறுப்புப் புகைப் படிவு, கட்டைவிரலில் சின்னக் கொப்புளம். மடித்துத் தோட்டாவை எடுத்துப் பார்த்தால், அடியில் அந்தச் சிறு வட்டத்தின் நடுவே ஊசி குத்திய ஓட்டை, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரிகிற ஓட்டை. ஊசி தேவைக்குமேல் நீளமாக வெளியே வந்து வட்டத்தைத் துளைத்துவிட்டது, முன்னால் போக வேண்டிய சூடான வாயுவில் கொஞ்சம் பின்னால் வந்துவிட்டது. அப்பா மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு எழுத விருப்பமில்லை.

பிறகு ஸ்டேஷனில் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு பக்கத்து மாநிலமான பேராக்கில் இன்னொரு கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பெரியவர் முதலில் செய்தது, துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் லைசன்ஸைக் கேட்டு வாங்கியதுதான். நம்பரைத் தானே ஒரு முறை படித்து, அப்பாவை ஒரு முறை படிக்கச் சொல்லி, தடித்த பதிவேட்டில் எழுதி, ரசீதிலும் எழுதி, இரண்டிலும் அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் இருக்கும். அப்புறம் வெடிக்காத தோட்டாவையும் ஓட்டை விழுந்த தோட்டாவையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அப்பாவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு வாரத்தில் வேலை முடிந்தது, 220 வெள்ளி. கழற்றிய ஊசியைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். நுனியை விரலால் தொட்டுப் பார்த்தேன், உருண்டையாக இருக்க வேண்டியது கூர்மையாக, அரம் போட்ட கோடுகளோடு இருந்தது. சாதாரணக் கம்பியில் அவசரமாகச் செய்தது என்றார், மற்றக் கடையைப் பற்றி ஒரு சொல் அதிகமாகச் சொல்லவில்லை.

துப்பாக்கி கையில் இல்லாத நாட்களில் போன கன்று 31. ஒரு கன்று 25 வெள்ளி என்று வாங்கியது. காசைவிட, ஒரு வருஷம் வளர்ந்ததை இழந்ததுதான் பெரிது.

எங்கே தவறியது

தவறான ஊசியில்தான் எல்லாம் தொடங்கியது என்று முதலில் நானும் நினைத்தேன். உட்கார்ந்து தேதி வாரியாக எழுதியபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. ஊசி கடைசியில் வந்த தவறு. முதல் தவறு ஜனவரி 20ஆம் தேதி அந்த கார்பன் புத்தகத்தில். நம்பரும் பெயரும் எழுதியிருந்தால் பையன் ஃபோனை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்திருக்க முடியும், இன்னும் தொடவில்லை என்று சொல்லியிருப்பான், இரண்டாவது பயணம் இல்லை. அட்டை மாறியிருக்காது. ஸ்டேஷனில் அப்பா தலைகுனிய வேண்டியிருக்காது. 180 என்று எழுதியிருந்தால் 350 என்று கூசாமல் சொல்ல முடியாது. என்ன பழுது என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தத் தோட்டாக்களை வாங்கி வைத்திருப்பார்கள், ஊசி செய்தவர் அதைப் பார்த்துச் செய்திருப்பார், செய்த பிறகு ஒரு தோட்டா போட்டுப் பார்க்க வேண்டும் என்றாவது தோன்றியிருக்கும்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். பழைய துப்பாக்கிகளுக்குப் பாகம் கிடைப்பது கஷ்டம். இந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருவதில்லை. இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று நேரே சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு மாதம் பொறுத்திருப்போம், அதற்கேற்ப வலையாவது கூடுதலாகக் கட்டியிருப்போம். தாமதத்தால் அல்ல, தாமதமில்லை என்று சொன்னதால்தான் இத்தனை அலைச்சல்.

பணம்

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ஒரு சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், நேரம் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும், விலை பேசாவிட்டாலும் நியாயமான விலைதான் வாங்க வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, வைக்கவும் விட மாட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் போட்டால் போதும். ஐந்து வெள்ளிதான் என்று தெரிந்தாலே பாதிப் பேர் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு விஷயத்தில் எச்சரித்தார். அந்தச் சட்டம் சொந்த உபயோகம், வீட்டு உபயோகம் என்று போகிறது, இது தோட்டத்துக்கு உள்ளது, பயனீட்டாளரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம் என்றார். அது நியாயமான சந்தேகம். இருந்தாலும் ஜூன் மாதம் அப்பா பெயரில் போட்டோம். கேட்டது 570 வெள்ளி: முதல் கடையில் கொடுத்த 350, இரண்டாவது கடையில் கொடுத்த 220. கன்றுகளைச் சேர்க்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார், பன்றி தின்றதற்குக் கடைக்காரரைப் பிடிக்கக் கூடாது என்றார்.

இணைப்பாக வைத்தது அந்த இரண்டு ரசீது, வாட்ஸ்ஆப் செய்திகள், பையன் எழுதிய கடிதம், பேராக் கடையின் ரசீது, ஓட்டை விழுந்த தோட்டாவின் படம், அந்த ஊசியின் படம். விசாரணைத் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது தவுக்கே ஃபோன் செய்தார். அப்பாவுக்கு இல்லை, எனக்கு. 350ஐத் திருப்பித் தருகிறேன், மனுவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 570 என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு சரி என்றார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுகிறீர்களா என்று கேட்டேன். கடையில் ஆள் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

அப்பா சம்மதித்தார். இன்னொரு முறை பாலம் தாண்டும் தெம்பு அவருக்கு இல்லை. பையன்தான் பணத்தை எடுத்துக்கொண்டு நிபோங் திபால் வரைக்கும் வந்தான், மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பணத்தோடு ஒரு காகிதமும் கொண்டுவந்தான், கணக்குத் தீர்ந்தது என்று கடை முத்திரையோடு தட்டச்சு செய்தது. அதில் துப்பாக்கியின் சீரியல் நம்பர் இருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து லைசன்ஸை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். கடைசி மூன்று எண் 617. காகிதத்தில் 671 என்று இருந்தது. பையன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். அப்பா பேனாவைக் கேட்டு வாங்கி, அதை அடித்து, மேலே சரியாக எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, "நீயும் போடு தம்பி" என்று அவனிடம் தள்ளினார்.